கைக்கு எட்டும் பழம்: சின்னப் பிள்ளைகளோடு டெல்டா தோப்புக்குப் போகிறவர்களுக்கு

காவிரி டெல்டாவில் "இங்கே பழம் பறிக்கலாம்" என்று பலகை மாட்டி, வாசலில் டிக்கெட் கிழிக்கும் பண்ணைகள் அரிது. இங்கே தோப்பு என்றால் ஒரு குடும்பத்தின் வருமானம், ஒரு வியாபாரியின் முதலீடு, சில கூலியாட்களின் பிழைப்பு. அதற்குள் நாம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு விருந்தாளியாகப் போகிறோம். இதை மனத்தில் வைத்துத் திட்டமிட்டால் காலைப் பொழுது நன்றாகக் கழியும். கேளிக்கைப் பூங்காவுக்குப் போகிற மாதிரி கிளம்பினால் தோப்புக்காரருக்கும் எரிச்சல், பிள்ளைக்கும் அழுகை.

எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை முதன்முறையாக அழைத்துப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சொந்த ஊரில் கொல்லையும் படுகையும் இருக்கிறவர்களுக்கு இது தேவைப்படாது; அவர்கள் பிள்ளைகள் ஏற்கெனவே மரத்தின்மேல்தான் இருப்பார்கள்.

முதலில் பழத்தை முடிவு செய்யுங்கள்

பெரும்பாலானவர்கள் ஊரை முதலில் முடிவு செய்கிறார்கள், பிறகு அங்கே என்ன பழம் என்று விசாரிக்கிறார்கள். சின்னப் பிள்ளை கூட வரும்போது இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளை கையை உயர்த்தினால் ஏறக்குறைய நான்கு அடி உயரம் எட்டும். அந்த உயரத்தில் காய்க்கிற பழம் எது என்பதுதான் கேள்வி. நாற்பது அடி உயரத்து நாட்டு மாமரத்தின் கீழே நிறுத்தி "பார், மாங்காய்!" என்று காட்டினால் பிள்ளை ஒரு நிமிடம் பார்க்கும், அடுத்த நிமிடம் மண்ணைக் கிளற ஆரம்பித்துவிடும்.

என் முதல் பரிந்துரை கொய்யா. கவாத்து செய்து, அதாவது கிளைகளை அவ்வப்போது வெட்டிவிட்டு, வளர்த்த கொய்யா மரம் தாழ்ந்து பரந்து நிற்கும். லக்னோ 49 போன்ற ரகங்களில் காய் கைப்பிடிக்கு அடங்கும் அளவில் இருக்கும். முள் கிடையாது, தோலைப் புண்ணாக்கும் பால் கிடையாது, பறித்ததைக் கழுவி அங்கேயே தின்னலாம். வேறு எந்தப் பழத்திலும் இத்தனை வசதிகள் ஒன்றாக அமையவில்லை. பருவமும் ஆண்டுக்கு ஒன்றோடு முடிவதில்லை. தோப்பைப் பொறுத்து இரண்டு முறை காய்க்கும்.

நாவல் இரண்டாவது. மரம் வானளாவி நிற்கும், ஆனால் பறிக்க வேண்டியதே இல்லை. உலுக்கினால் விழும், பிள்ளைகள் பொறுக்குவார்கள். பொறுக்குவது மூன்று வயதுப் பிள்ளைக்கும் வரும் வேலை. ஆனி, ஆடி மாதங்கள்தான் இதற்குக் காலம்.

மாம்பழத்தை எல்லாரும் கேட்பார்கள். அடர் நடவு முறையில், அதாவது நெருக்கமாக, வைத்த ஒட்டு மரங்கள் இருக்கும் தோப்பாகப் பாருங்கள். அவற்றில் காய் இடுப்பு உயரத்திலும் தொங்கும். 2018 நவம்பர் 16 அன்று கரையேறிய கஜா புயல் வேதாரண்யம் பக்கமும் பேராவூரணி பக்கமும் பழைய மரங்களை வேரோடு சாய்த்தது. அதன் பிறகு நட்ட ஒட்டுக் கன்றுகள் இப்போது காய்க்கும் வயதில் இருக்கின்றன, கிளையும் உயரவில்லை. தோப்பு இழந்தவர்களின் வேதனையில் நமக்கு ஒரு வசதி கிடைப்பது சங்கடமான விஷயம்தான். அங்கே போனால் பழைய மரங்கள் நின்ற இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை விசாரியுங்கள். பெரியவர்கள் மணிக்கணக்கில் சொல்வார்கள்.

சப்போட்டாவும் தாழ்ந்த கிளையில் காய்க்கும். ஆனால் அது மரத்தில் தின்னும் பதத்துக்கு வருவதில்லை. பறித்த உடனே தின்ன முடியாது என்பதை நான்கு வயதுப் பிள்ளைக்கு விளக்குவது எவ்வளவு கடினம் என்று உங்களுக்கே தெரியும். எலுமிச்சையில் முள். பலாவைப் பறிப்பது பெரியவர்கள் வேலை. பிள்ளைகள் தட்டிப் பார்க்கலாம், கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். முந்திரித் தோப்பைச் சின்னப் பிள்ளைகளோடு தவிர்த்துவிடுங்கள். பழம் ஆபத்தில்லாதது, ஆனால் அதன் அடியில் தொங்கும் பச்சைக் கொட்டையின் ஓட்டில் இருக்கும் எண்ணெய் தோலைப் பொசுக்கிக் கொப்புளமாக்கிவிடும். பல்லால் கடித்துப் பார்ப்பது பிள்ளைகளின் சுபாவம்.

வாழையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். திருவையாறு, லால்குடி, குளித்தலை, தொட்டியம் என்று ஆற்றோரம் முழுக்க வாழைதான். பூவன், ரஸ்தாளி, கற்பூரவள்ளி, ஏலரிசி, மொந்தன் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஆனால் தாரைக் காயாகவே வெட்டி, பிறகுதான் பழுக்க வைப்பார்கள். பிள்ளை கை நீட்டிப் பழம் பறிப்பது நடக்காது. வாழைத் தோட்டத்தை வேடிக்கை பார்க்கும் இடமாக நினைத்துப் போங்கள். பூவின் ஒவ்வொரு மடலாக உரித்து உள்ளே வரிசையாக இருக்கும் பிஞ்சுகளைக் காட்டலாம். மரத்தடியில் முளைக்கும் பக்கக் கன்றுகளை எண்ணச் சொல்லலாம். வெட்டிப் போட்ட தண்டில் பட்டையை உரித்து நார் கிழிக்கலாம். இலை அறுப்பவர் நுனி இலை எது, ஏடு எது என்று காட்டுவார். ஒரு மணி நேரம் போவதே தெரியாது. கறை பட்ட சட்டை மட்டும் பழைய நிறத்துக்குத் திரும்பாது. அதற்கென்று ஒரு பழைய சட்டையைப் போட்டு அழைத்துப் போங்கள்.

டெல்டாவில் தோப்பு எங்கே இருக்கிறது

வரைபடத்தைப் பார்த்தால் எல்லாம் பச்சை. ஆனால் நடுவில் இருக்கும் திருவாரூர், மன்னார்குடிப் பக்கங்களில் பெரும்பாலும் நெல்தான். தண்ணீர் தேங்கும் களிமண்ணில் பழமரங்கள் அதிகம் நிற்பதில்லை. தோப்புகள் ஓரங்களில் இருக்கின்றன.

வடக்கே காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட படுகை நிலங்களில் வாழை, தென்னை, ஆங்காங்கே கொய்யா. தஞ்சாவூரிலிருந்து திருவையாறு சுமார் 13 கிலோமீட்டர்தான். டவுன் பஸ்ஸிலேயே போகலாம். தெற்கே வல்லம் தொடங்கி மண் சிவக்க ஆரம்பிக்கும். பட்டுக்கோட்டை, பேராவூரணி தென்னைக்குப் பேர்போனவை. அதைத் தாண்டிப் புதுக்கோட்டை மாவட்டத்தின் கீரமங்கலம், வடகாடு பக்கம் போனால் பலாவும் பூவும். கிழக்கே கடலோர மணற்பாங்கில் வேதாரண்யத்து மாந்தோப்புகள். திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் வழியாக அகஸ்தியம்பள்ளி வரை 2023 ஏப்ரலில் மீண்டும் ரயில் ஓடத் தொடங்கியது. பிள்ளைகளுக்கு மாம்பழத்தைவிட அந்த ரயில் பிடித்துப்போகவும் கூடும்.

தெரிந்தவர் யாரும் இல்லை என்றால் அரசுத் தோட்டக்கலைப் பண்ணைகளை விசாரியுங்கள். தஞ்சாவூர் அருகே மருங்குளத்திலும் மயிலாடுதுறை அருகே மூவலூரிலும் இருக்கின்றன. அவை கன்று உற்பத்தி செய்யும் இடங்கள். பறித்துத் தின்னும் இடமாக நினைக்கக் கூடாது. ஆனால் ஒட்டு எப்படிக் கட்டுகிறார்கள், மரத்தில் இருக்கும் கிளையையே வேர்விட வைக்கும் பதியன் எப்படிப் போடுகிறார்கள் என்று பிள்ளைகள் பக்கத்திலிருந்து பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. வேலை நாளில், அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி கேட்டுப் போக வேண்டும். திருச்சி அருகே தாயனூரில் 1993 முதல் இயங்கும் தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் உண்டு. பள்ளியிலிருந்து குழுவாகப் போவதாக இருந்தால் அதற்குக் கடிதம் எழுதிப் பார்க்கலாம்.

யாரிடம் கேட்க வேண்டும்

புதிதாகப் போகிறவர்கள் சறுக்கும் இடம் இதுதான். தோப்பு ஒருவருடையது, பழம் இன்னொருவருடையது. மாந்தோப்பில் பூ எடுக்கும்போதே வியாபாரி வந்து மரங்களைச் சுற்றிப் பார்த்து, அந்தப் பருவத்து மகசூலுக்கு மொத்தமாக விலை பேசிக் குத்தகை எடுத்துவிடுவது வழக்கம். அதன் பிறகு தோப்பின் சொந்தக்காரரே ஒரு மாங்காய் பறிக்க வேண்டுமென்றால் குத்தகைக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் பறிப்பார். "மாமா தோப்புதான், தாராளமாகப் போங்கள்" என்று உறவினர் சொன்னதை நம்பி உள்ளே போய், காவலுக்கு இருக்கும் பெரியவரிடம் பேச்சு வாங்குவது இதனால்தான். அந்தப் பெரியவர்மேல் தப்பு இல்லை. ஒரு காய் குறைந்தாலும் கணக்குச் சொல்ல வேண்டியவர் அவர்.

எனவே முதல் கேள்வி: "இந்த வருஷம் காய்ப்பு யார் கையில் இருக்கிறது?" பதிலைத் தெரிந்துகொண்டு அவரிடமே பேசுங்கள். இப்படிப் பேசினால் போதும்:

"வணக்கம் அண்ணே. தஞ்சாவூரிலிருந்து பேசுகிறேன். வீட்டில் இரண்டு பிள்ளைகள், ஒன்றுக்கு ஐந்து வயது, ஒன்றுக்கு மூன்று. கொய்யாவை மரத்தில் பார்த்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் அழைத்து வரட்டுமா? பறிப்பதை எடை போட்டுக் காசு கொடுத்துவிடுகிறேன்."

"காசு என்ன தம்பி பெரிய காசு, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வாருங்கள்" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். அந்தப் பெருந்தன்மையை அப்படியே எடுத்துக்கொண்டு வெறுங்கையோடு போகாதீர்கள். காசு கொடுப்பதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

போனை வைப்பதற்குள் இன்னும் மூன்று விஷயங்களைக் கேட்டுவிட வேண்டும். மருந்து கடைசியாக அடித்து எத்தனை நாள் ஆகிறது? ஒவ்வொரு பூச்சிமருந்துக்கும் தெளித்த பிறகு அறுவடைக்குக் காத்திருக்க வேண்டிய நாள் வெவ்வேறு. தோப்புக்காரருக்கு அது தெரியும். அண்மையில் அடித்திருந்தால் அவரே "அடுத்த வாரம் வாருங்கள்" என்பார். கேட்பதில் கூச்சம் வேண்டாம், ஆனால் குற்றம் சாட்டுகிற குரலில் கேட்காதீர்கள். அடுத்தது, உள்ளே திறந்த கிணறோ தண்ணீர்த் தொட்டியோ இருக்கிறதா, பன்றிக்கு மின்வேலி ஏதும் போட்டிருக்கிறார்களா? மூன்றாவது, கழிப்பறை. அனேகமாக இருக்காது. இருக்காது என்று முன்கூட்டியே தெரிந்தால் பக்கத்து ஊர் பஸ் நிலையத்திலோ தோப்புக்காரர் வீட்டிலோ அந்த வேலையை முடித்துவிட்டுப் போகலாம்.

பம்புசெட்டில் குளிக்கும் ஆசை பிள்ளைகளுக்கு இருந்தால் அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில்தான் மோட்டார் ஓடும்; அந்த நேரம் ஊருக்கு ஊர் மாறும்.

எந்த மாதம், எந்த நேரம்

இங்கே பருவத்தைப் பழம் மட்டும் தீர்மானிப்பதில்லை, தண்ணீரும் தீர்மானிக்கிறது. மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறப்பது வழக்கம். அணையில் இருக்கும் நீரைப் பொறுத்துத் தேதி முன்பின் ஆகும். தண்ணீர் கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரியும். பிறகு குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு என்று கிளைத்து வாய்க்கால் வாய்க்காலாக இறங்கும். பாசனத்தின் கடைசி ஊர்களான கடைமடைக்குப் போய்ச் சேரப் பல நாள் ஆகும். ஏப்ரல், மே மாதங்களில் நீங்கள் பார்த்த வாய்க்கால் காய்ந்து மணல் தெரியக் கிடந்திருக்கும்; பிள்ளைகள் அதில் இறங்கி ஓடி விளையாடியிருப்பார்கள். அதே தோப்புக்கு ஜூன் கடைசியில் நாவல்பழத்துக்காகப் போனால் அதே வாய்க்காலில் பெரியவர் இடுப்பளவு தண்ணீர் சுழித்து ஓடும். பிள்ளைக்குப் பழைய நினைவுதான் இருக்கும், நேராக அங்கேதான் ஓடும். ஆகவே தண்ணீர் திறந்த பிறகு போவதாக இருந்தால் இரண்டு பிள்ளைக்கு ஒரு பெரியவர் போதாது. ஒருவருக்கு ஒருவர் வேண்டும். ஆற்றில் குளிக்கும் திட்டத்தைப் பழம் பறிக்கும் நாளோடு சேர்க்கவே கூடாது.

மாம்பழம் ஏப்ரல் கடைசியில் தொடங்கும். பங்கனப்பள்ளி முன்னால் வரும், நீலம் கடைசியில் வரும். மே மாதம் பழம் நிறைய, வெயிலும் நிறைய. அக்னி நட்சத்திர நாட்களில் காலை ஏழு மணிக்குத் தோப்புக்குள் இருந்து, ஒன்பதரைக்குள் வெளியே வந்துவிடுங்கள். சாயங்காலம் போகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. போகலாம், ஆனால் இருட்டத் தொடங்கும் நேரத்தில் பாம்பு நடமாட்டமும் கொசுவும் கூடும்; பிள்ளைகளும் களைத்துப்போய் இருப்பார்கள். காலைதான் சரி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. வண்டி சேற்றில் மாட்டும், மரத்தடியெல்லாம் கம்பளிப்பூச்சி. அந்த மாதங்களில் வீட்டிலேயே இருங்கள்.

பையில் என்ன

குடிதண்ணீர் வீட்டிலிருந்தே, நினைத்ததைவிட ஒரு பாட்டில் கூடுதலாக. மோர், தயிர்சாதம். கை கழுவ சோப்பு, பழைய துண்டு, ஒரு சின்னக் கத்தி. தேங்காய் எண்ணெய் ஒரு சின்னப் புட்டியில்; பலா, சப்போட்டா பிசுக்குக்கு அதைவிட மருந்து இல்லை. உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு. பழம் போட்டுக்கொள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் ஓலைக் கொட்டான் அல்லது சின்னத் துணிப்பை. பிளாஸ்டிக் பையில் போட்டால் வியர்த்துப் பழம் கெடும்.

உடை: முழுக்கால் பருத்தி, முழுக்கை, தொப்பி, காலை மூடும் ஷூ. செருப்பு வேண்டாம். கொலுசு, மோதிரம், தொங்கட்டான் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். சருகுக்குள் விழுந்த கொலுசைத் தேடும் குடும்பம் அன்றைக்கு வேறு எதையும் பார்க்காது.

உள்ளே நுழைந்ததும்

பழத்தை நோக்கி ஓட விடாதீர்கள். முதல் பத்து நிமிடம் எல்லாரும் சேர்ந்து ஒரு சுற்று நடங்கள், தோப்புக்காரரோ காவல்காரரோ முன்னால் நடக்கட்டும். "இதுவரைதான் வரலாம்" என்று ஒரு எல்லையைப் பிள்ளைகளுக்குக் கண்ணால் காட்டுங்கள்: அந்த வேப்பமரம், இந்த வரப்பு. கிணறு இருக்கும் பக்கம் ஒரு பெரியவர் நிரந்தரமாக நிற்க வேண்டும். மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டில் யாரும் பார்க்காத ஐந்து நிமிடம் எப்படியும் வந்துவிடும். மோட்டார் கொட்டகைக்குள் பிள்ளைகள் போகவே கூடாது. சொட்டுநீர்க் குழாய்களை மிதிக்காமல் தாண்டக் கற்றுக்கொடுங்கள். அதை ஒரு விளையாட்டாகவே வைத்துக்கொள்ளலாம்.

தென்னை கலந்த தோப்பாக இருந்தால் தென்னைக்கு நேர் கீழே பாயை விரிக்காதீர்கள். தேங்காய் விழும், மட்டை விழும், எப்போது விழும் என்று சொல்லிவிட்டு விழாது. பனை இருந்தால் கீழே கிடக்கும் மட்டையின் இரண்டு ஓரத்திலும் கருக்கு, அரம் மாதிரி அறுக்கும்.

கதண்டு டெல்டாக்காரர்களுக்குத் தெரிந்த பெயர். தென்னை, பனை உச்சியிலும் பெரிய மரங்களின் கிளையிலும் கூடு கட்டும் பெரிய குளவி. கூட்டமாகக் கொட்டினால் பெரியவர்களுக்கே உயிராபத்து. கூடு இருக்கிறதா என்று தோப்புக்காரரிடம் கேளுங்கள். இருந்தால் அந்த மூலைக்கே போக வேண்டாம்; கல் எறிவது, புகை போடுவது எல்லாம் வேறு யாருடைய வேலையோ. மா மரத்தில் இலைகளைச் சேர்த்துத் தைத்த மாதிரி பந்தாக ஒரு கூடு தெரிந்தால் அது முசுறு. உயிருக்கு ஆபத்து இல்லை, ஆனால் அந்தக் கிளையைத் தொட்ட பிள்ளை அன்று முழுக்க அழும்.

பாம்பு பற்றி எல்லாரும் பயப்படுகிறோம், பயத்தோடு நிறுத்திவிடுகிறோம். செய்ய வேண்டியது எளிது. சருகுக் குவியல், வாழைச் சருகு, கல் அடுக்கு, வைக்கோல் போர் இவற்றில் கையை விடக் கூடாது. முன்னால் நடக்கும் பெரியவர் ஒரு குச்சியால் தரையைத் தட்டிக்கொண்டே போக வேண்டும். கடித்துவிட்டால் கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் கூடாது. பிள்ளையை நடக்க விடாமல், கடிபட்ட கை காலை அசைக்காமல் தூக்கிக்கொண்டு, 108ஐ அழைத்தோ கையில் இருக்கும் வண்டியிலோ நேராக அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். விஷமுறிவு மருந்து அங்கே கிடைக்கும். எந்த ஊர் அரசு மருத்துவமனை பக்கம் என்பதைக் கிளம்பும் முன்பே பார்த்து வைத்துவிடுங்கள்.

வேலியைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை, நான் எச்சரிக்கிறேன். வேலிக்கு வைத்த காட்டாமணக்கின் கொட்டை தின்று பிள்ளைகள் வாந்தியோடு மருத்துவமனைக்கு வருவது தமிழ்நாட்டில் அடிக்கடி வரும் செய்தி. கொட்டை பார்க்க நல்ல தின்பண்டம் மாதிரி இருக்கும், ருசியும் மோசமில்லையாம். குன்றிமணி அதைவிட மோசம். சிவப்பும் கறுப்புமாக மினுக்கிக்கொண்டு, எடுத்து வாயில் போடு என்று கூப்பிடும். தோப்புக்குள் ஒரே சட்டம் போதும்: பெரியவர் கையிலிருந்து வாங்காத எதுவும் வாய்க்குள் போகக் கூடாது.

பறிக்கும் கை

கொய்யாவில் பச்சை வெளுத்து இளமஞ்சளாக மாறியிருக்கும் காயைக் காட்டுங்கள். அடர்பச்சை வேண்டாம். ஒரு கையால் கிளையைப் பிடித்து, இன்னொரு கையால் காயைத் திருகினால் வந்துவிடும். கிளையைப் பிடிக்காமல் இழுத்தால் அடுத்த பருவத்துக்குப் பூக்க வேண்டிய கொம்பும் சேர்ந்து ஒடிந்து வரும். சின்னப் பிள்ளைக்கு இரண்டு கை வேலை வராது. கிளையை நீங்கள் தாழ்த்திப் பிடியுங்கள், பிள்ளை திருகட்டும்.

மாங்காயைப் பிள்ளை நேரடியாகப் பறிக்கக் கூடாது. காம்பு ஒடியும் இடத்தில் பால் பீய்ச்சும். அது கன்னத்திலோ உதட்டிலோ பட்டால் பொத்துப்போகும், கண்ணில் பட்டால் இன்னும் மோசம். பெரியவர் ஒரு விரற்கடை காம்போடு வெட்டி, காம்புப் பக்கம் கீழ்நோக்கி இருக்கும்படி சிறிது நேரம் பிடித்துப் பால் வடிந்த பிறகு பிள்ளை கையில் கொடுங்கள். உயரத்துக் காய்க்குத் துறட்டி என்கிற நீளக் கழியும் அதன் நுனியில் வலையும் இருக்கும். பெரியவர் துறட்டியைப் பிடிக்க, பிள்ளை தள்ளி நின்று "இது, இது" என்று கை காட்டுவதே பெரிய வேலைதான்; அதிகாரம் தன்னிடம் இருக்கிறது என்ற மிதப்பில் குதிக்கும். துறட்டிக்கு நேர் கீழே மட்டும் யாரும் நிற்கக் கூடாது.

சப்போட்டா முற்றியதா என்று பார்க்க, மேலே இருக்கும் பழுப்புத் தூளை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே மஞ்சள் தெரிந்தால் பறிக்கலாம், பச்சை தெரிந்தால் விட்டுவிடுங்கள். சுரண்டிப் பார்க்கும் வேலையைப் பிள்ளையிடம் கொடுத்தால் தோப்பில் இருக்கும் எல்லாக் காயையும் சுரண்டிவிடும், நீங்களே செய்யுங்கள்.

நாவலுக்கு மரத்தடியில் ஒரு பழைய வேட்டியை விரித்து, கிளையை உலுக்கச் சொல்லுங்கள். நாவல் கிளை எளிதில் முறியும் ஜாதி. யாரையும் ஏற விடாதீர்கள், ஏறத் தெரிந்த பெரிய பையன்களைக்கூட. கறைக்குக் கவலைப்படுகிறவர்கள் நாவலுக்குப் போகக் கூடாது.

கோடையில் போனால் பறிப்பதோடு நுங்கும் கிடைக்கலாம். வெட்டித் தருபவரிடம் கூந்தலை, அதாவது நுங்கு எடுத்த வெற்றுக் காயை, கேட்டு வாங்கி, குச்சி செருகி நுங்கு வண்டி செய்து கொடுங்கள். அதன் பிறகு பழத்தைப் பற்றிய பேச்சு அனேகமாக இருக்காது.

தின்பதற்கு முன்

"அணில் கடித்த பழம் இனிக்கும்" என்று நம் வீடுகளில் சொல்வார்கள். இனிக்கத்தான் செய்யும், பழுத்த பழத்தைத்தான் அணில் கடிக்கிறது. ஆனால் கடித்தது அணிலா வவ்வாலா என்று பழத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. வவ்வால் எச்சில் வழியாக நிபா போன்ற நோய்கள் வரக்கூடும் என்பதால் கடிபட்ட பழம் எதுவாக இருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் பாட்டியோடு வாதாட வேண்டி வரும், வாதாடுங்கள்.

கழுவி, நறுக்கி, உள்ளே பார்த்து, பிறகு கொடுக்க வேண்டும். கொய்யாவிலும் மாம்பழத்திலும் பழ ஈயின் புழு உள்ளே இருக்கும், வெளியே ஒரு புள்ளிகூடத் தெரியாது. நான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு நாவல், இலந்தை, பலாச்சுளை எதையும் கொட்டையோடு கொடுக்கக் கூடாது, தொண்டையில் அடைக்கும். கொட்டை எடுத்து, சின்னத் துண்டாக்கி, உட்கார வைத்துக் கொடுங்கள். ஓடிக்கொண்டே தின்பது தோப்பில் எல்லாப் பிள்ளைகளும் செய்வது. தின்னும்போது உட்கார்ந்துதான் ஆக வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

எடையும் காசும்

உள்ளே போவதற்கு முன்பே கிலோ என்ன விலை என்று கேட்டு ஒப்புக்கொண்டுவிடுங்கள். பிள்ளைகள் பறித்ததில் கால்வாசி பிஞ்சாக இருக்கும். அதையும் சேர்த்தே எடை போடச் சொல்லுங்கள், ஒதுக்காதீர்கள். அந்தப் பிஞ்சு இன்னும் மூன்று வாரத்தில் அவருக்குக் காசாகியிருக்கும். சந்தை விலையைவிடக் குறைத்துக் கேட்பது முறையல்ல. அவர் ஒரு மணி நேரம் உங்களோடு நடந்திருக்கிறார், அந்த நேரத்தில் அவர் வேலை கெட்டிருக்கிறது. காசு வாங்க மறுத்தால் பிள்ளை கையில் கொடுத்து நீட்டச் சொல்லுங்கள், பெரும்பாலும் வாங்கிவிடுவார்கள். காவலுக்கு இருக்கும் பெரியவருக்குத் தனியாக ஏதாவது கொடுங்கள், காசாக இல்லாவிட்டால் கொண்டுபோன பலகாரத்தில் ஒரு பொட்டலம். கடைசியில் கொசுறாக இரண்டு பழம் போடுவார். வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

படம் எடுத்தால் தோப்பின் இருப்பிடத்தைச் சேர்த்து இணையத்தில் போடுவதற்கு முன் கேட்டுவிடுங்கள். அடுத்த ஞாயிறு முன்பின் தெரியாத பத்துக் குடும்பம் வேலிக்கு வெளியே வந்து நிற்பதை எந்தத் தோப்புக்காரரும் விரும்பமாட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு

முதலில் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, காது மடல், முழங்கால் மடிப்பு, தலைமுடி எல்லாம் பாருங்கள். எறும்பும் சிறு பூச்சியும் ஒட்டிக்கொண்டு வரும். மாம்பால் பட்ட இடம் மறுநாள்தான் சிவக்கும். கொப்புளம் பரவினாலோ முகம் வீங்கினாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

நாவலை அன்றே தீர்த்துவிட வேண்டும், மறுநாள் புளித்துவிடும். கழுவி, உப்புத் தூவி, பெரியவர்கள் உட்கார்ந்து கொட்டையை எடுத்தால் சாறாகவும் பிழியலாம். கொய்யா இரண்டு மூன்று நாள் தாங்கும். மாங்காயை வைக்கோல் பரப்பி, ஒன்றோடொன்று இடிக்காமல் அடுக்கி, மேலே ஒரு சாக்கைப் போட்டு மூடுங்கள். கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டது, உடலுக்கும் கேடு; வீட்டில் அதற்கு அவசியமே இல்லை. காலையில் எழுந்ததும் சாக்கைத் தூக்கி முகர்ந்து பார்க்கும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் விட்டுவிடலாம்.

சப்போட்டாவைக் கழுவித் தூளைத் துடைத்து, அரிசிப் பானையிலோ காகிதத்தில் சுற்றியோ வையுங்கள். மூன்றாம் நாளிலிருந்து தினமும் ஒரு முறை அழுத்திப் பாருங்கள், கட்டைவிரல் லேசாகப் பதிந்தால் தின்னலாம். ஒரு வாரம் ஆகியும் இளகாமல் தோல் சுருங்கிக்கொண்டே போனால் அது முற்றாமல் பறித்தது. இனிப் பழுக்காது, எருக்குழியில் போட்டுவிடுங்கள்.